திருப்பிப் போடுங்கோ

அக்கா, என் வீட்டுப் போறணையை நீங்கள் கெடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

இன்று மகளின் பிறந்தநாள். காலையில் கேக் செய்வதற்காகப் போறணையைச் சூடாக்கினேன். வெண்ணெய் வாசம் வருவதற்கு முன்னால் எஞ்சின் எண்ணெய் வாசம் வந்துவிட்டது. சோடாத்தூள் போட்டுத் தேய்த்தும் பார்த்தாயிற்று, கடையில் விற்கிற அந்தக் காரமான நுரையை அடித்தும் பார்த்தாயிற்று. நன்றாகச் சூடேறினால் எங்கிருந்தோ வெளியே வந்துவிடுகிறது. "அம்மா, இட் ஸ்மெல்ஸ் லைக் எ கராஜ்," என்று மகள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். நான் முட்டையை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போறணைக்குள் நாங்கள் பிஸ்டன் சுட்ட கதை அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கேக்கைத் தொடமாட்டாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதன் நடுவிலுள்ள ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. உங்கள் வீட்டுப் போறணை பழுதாகிக் கனகாலம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கண்ணு, இதை உங்க வூட்டு அவன்ல வெக்கலாமா?" என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் 'அவன்' என்றால் என் கணவர் ஒருவர்தான், அவரும் வேலைக்குப் போயிருந்தார். நான் முழித்த முழியைப் பார்த்து நீங்கள் சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எங்களுக்கு அது போறணை என்று சொன்னதும், "போரணையா? என்ன கண்ணு, அணைக்கட்டு பேராட்டம் இருக்குது," என்றீர்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு எல்லாவற்றிலும் ஓர் அணைக்கட்டு வேண்டும்.

மெல்பர்னில், மல்கிரேவில் நாங்கள் வேலியோடு வேலியாக எத்தனையோ வருஷம் இருந்தோம். என் வீட்டுக் கறிவேப்பிலை உங்கள் பக்கம் வரும், உங்கள் வீட்டு முருங்கைக்காய் என் பக்கம் வரும். பேச்சு அதோடு சரி. உங்கள் கணவர் சனி, ஞாயிறுகளில் அந்தப் பச்சைக் காருக்கு அடியில் படுத்திருப்பார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, இங்கிலாந்தில் செய்த பழைய கார். அதன் எஞ்சினை அவர் ஆணி ஆணியாகக் கழற்றி ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். திரும்பப் பூட்டத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது. காரும் பெட்டிகளும் கராஜிலேயே கிடந்தன.

பிறகு உங்கள் மகன் சிட்னியிலிருந்து வந்தார். ஹரிஸ் பார்க்கில் தன் வீட்டுக்குப் பின்னால் உங்களுக்கென்று ஓர் அறையும் குளியலறையும் கட்டியிருப்பதாகச் சொன்னார். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மல்கிரேவ் வீட்டை விற்பது, சாமான்களை லாரியில் ஏற்றுவது, அம்மாவை விமானத்தில் ஏற்றுவது, காரைத் துண்டு துண்டாக யாருக்காவது கொடுப்பது என்று அவருடைய திட்டம் முழுதாக இருந்தது. நீங்கள் அன்று பின்னேரம் வேலியடிக்கு வந்தபோது உங்கள் முகம் கறுத்திருந்தது.

"நா என்ன பீரோவா கண்ணு? ஆளனுப்பித் தூக்கி வெப்பான், அங்க எறக்கி வெப்பானா? மகன் வூட்டுக்குப் போறேன், வேண்டாங்கல. ஆனா மூட்டை முடிச்சாட்டம் போகமாட்டேன். நானா ஓட்டிக்கிட்டுப் போகோணும். இந்த வண்டியிலதான் போகோணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு எழுபது தாண்டிவிட்டது, கார் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. கல்லூரி நாளிலேயே அப்பாவின் காரைக் கோயம்புத்தூர் வீதிகளில் ஓட்டியவர் நீங்கள். கியர் மாற்றத் தெரியாத இந்த ஊர்ப் பிள்ளைகளையும் என்னையும் ஒரே தட்டில் வைத்து இளக்காரமாகப் பார்ப்பீர்கள். மகனும் உங்கள் பிடிவாதம் தெரிந்தவர். "வீட்டுச் சாவி குடுக்குற நாளுக்குள்ள வண்டி ஓடினா ஓட்டிட்டு வாங்கம்மா. ஓடலைன்னா ஃப்ளைட்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடாது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

என்னை ஏன் கூட்டுச் சேர்த்தீர்கள் என்று பல முறை யோசித்திருக்கிறேன். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, தட்டில் ஒழுங்காக அடுக்கி, ஆவியில் வைக்கும் பகுதியில் எனக்கு வேலை. "நீங்க கத்தி, கத்திரியெல்லாம் வரிசை தப்பாம அடுக்கறவங்கதானே. இதையும் அடுக்குங்க," என்றீர்கள். வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் புத்தகத்தை வாசிப்பது உங்கள் பொறுப்பு. ஒரு பந்தியைக் கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்து ஆங்கிலத்தில் வாசிப்பீர்கள், பிறகு தமிழில் சொல்வீர்கள், பிறகு "எழுதினவனுக்கு வேற வேலையில்ல" என்று ஒரு திட்டும் சேர்ப்பீர்கள். எஞ்சின் தண்டைக் கடைவதும் சிலிண்டரைத் துருவுவதும் டண்டினோங்கில் ஒரு கடையில் செய்வித்தோம். மற்றதெல்லாம் எங்கள் கை.

எந்தக் கிழமையென்று தெரியாது, ஒரு நாள் நடுவேலையில் என்னை "நீ" என்றீர்கள். "நீ அந்தப் பக்கம் புடி கண்ணு." எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெரியவர்கள்கூட அயலவரை இலேசில் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு வீட்டுக்குப் போய்க் கைகழுவும்போது எனக்கு அது பிடித்திருந்தது. என்னை "நீ" என்று கூப்பிட இந்த நாட்டில் யாரும் இருக்கவில்லை.

எங்கள் இரண்டு தமிழும் முட்டிக்கொண்டது முதல் நாளிலிருந்தே நடந்த கூத்து. "பூட்டுங்கோ அக்கா, நான் கை கழுவிப்போட்டு வாறன்," என்று ஒரு நாள் நான் போனேன். திரும்பி வந்தால் கராஜ் கதவு பூட்டியிருக்கிறது, நீங்கள் உள்ளே தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

"கதவை ஏன் பூட்டினனீங்கள்?"

"நீதானே பூட்டச் சொன்னே?"

"ஐயோ, எண்ணெய் பம்பை எஞ்சினிலை பூட்டச் சொன்னனான்!"

"அது மாட்டறது கண்ணு. பூட்டறதுன்னா சாவி வேணும்."

அதற்கு மறுநாள் நீங்கள் "மாட்டிக்கிச்சு" என்று சந்தோஷமாகக் கத்த, உங்கள் விரல் எதற்குள்ளோ மாட்டுப்பட்டுவிட்டது என்று நான் பதறி ஓடிவந்தேன். அன்றோடு ஓர் ஒப்பந்தம் செய்தோம். நான் பூட்டு என்றால் உங்கள் மாட்டு, நீங்கள் பூட்டு என்றால் கதவு. விளங்காத சொல் வந்தால் உடனே கேட்பது. அப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, இனி எங்களுக்குள் பிழை வராது என்று நம்பிவிட்டோம். விளங்காத சொல்லைத்தானே ஒருவர் கேட்பார். விளங்கியது என்று நினைக்கிற சொல்லை யார் கேட்பது?

எல்லாம் அந்த அரைவட்டத் தகடுகளால் வந்தது. எஞ்சினின் நடுவே சுழல்கிற பெரிய தண்டு முன்னும் பின்னும் அசையாமல் பிடிப்பவை அவை. கிளச்சை மிதித்தால் அந்தத் தண்டு தள்ளப்பட்டு இவற்றின் மேல்தான் அழுத்தும். பார்த்தால் அப்பளத்தைப் பாதியாக உடைத்த மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வெறும் இரும்பு, மறுபக்கம் மெத்தென்ற உலோகத்தில் இரண்டு கோடு வெட்டியிருக்கும். கோடுள்ள பக்கம்தான் தண்டை உரச வேண்டும். புத்தகத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நீங்கள் இரண்டு தரம் வாசித்து, சரியாகவே வைத்தீர்கள். நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதன் ஓரத்தில் கை துடைக்கும் துவாயின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கம், எனக்கு அது பொறுக்காது. பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டதால் காருக்கு ஓடிக்கொண்டே சொன்னேன்: "அக்கா, அந்த அரைவட்டத்தைக் கழட்டி, வடிவாத் துடைச்சுப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ."

"சரி கண்ணு," என்றீர்கள்.

எஞ்சின் முதன்முதலாக ஓடிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருமியது, செருமியது, நீலப்புகையைக் கக்கியது, பிறகு ஒரு சீரில் நின்று உறுமத் தொடங்கியது. நீங்கள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள். "ஓடுது கண்ணு," என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். முகமெல்லாம் கறுப்பு. நானும் அழுதேன். உங்கள் கணவர் கழற்றி வைத்துவிட்டுப் போன எஞ்சின் அது.

முதல் ஓட்டம் கோயிலுக்குத்தான் என்று நீங்கள் முன்பே தீர்மானித்துவிட்டீர்கள். த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கிளச்சை மிதிக்கும்போது ஏதோ ஒரு முனகல் கேட்டது. புது எஞ்சின், பழகவேண்டும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். ஐயர் மாலை போட்டு, சந்தனம் பூசி, நான்கு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நீங்கள் புதுப்பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, எஞ்சினை எழுப்பி, கிளச்சை மிதித்தீர்கள். உள்ளே எதையோ அரைக்கிற சத்தம் கேட்டு, எஞ்சின் நின்றது. மறுபடி எழுப்பினீர்கள், மறுபடி மிதித்தீர்கள், மறுபடி நின்றது. பழங்கள் வைத்தபடியே இருந்தன.

"பரவாயில்லை அம்மா," என்றார் ஐயர். "பிள்ளையார் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போகச் சொல்லுறார் போல."

இழுவை வண்டி வருவதற்குள் நீங்கள் குனிந்து, நசுங்காத நாலு பழத்தையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். அன்றிரவு உங்கள் வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம். வேறு யாராவது என்றால் அபசகுனம் என்று அழுதிருப்பார்கள். நீங்கள் கடலைப்பருப்பைக் கூடப் போட்டுத் தாளித்தீர்கள்.

எஞ்சினைத் திரும்ப வெளியே தூக்கி, அடித்தட்டைக் கழற்றினோம். கழற்றியதும் கண்டேன். அரைவட்டங்கள் மறுபக்கமாக இருந்தன. வெறும் இரும்பு தண்டை உரசி உரசிக் கோடு போட்டிருந்தது.

"இதை ஆர் மறுபக்கமா வைச்சது?" என்றேன்.

"நீதானே திருப்பிப் போடச் சொன்னே."

"ஓம், திருப்பித்தானே போடச் சொன்னனான்! பிறகேன் இப்பிடிப் போட்டனீங்கள்?"

"திருப்பிப் போடச் சொன்னே, திருப்பிப் போட்டேன்! எனக்கே சந்தேகமாத்தான் இருந்துது. நீ ஆஸ்பத்திரிக்காரி, காரணமாத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா."

"சொன்னே."

"சொல்லேல்லை!"

நீங்கள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தீர்கள். "கெழவிக்குப் புத்தி தடுமாறிப்போச்சுன்னு என்ற பையன்தான் நெனைக்கறான். நீயுமா?" என்று கேட்டீர்கள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கறிவேப்பிலையும் போகவில்லை, முருங்கைக்காயும் வரவில்லை. உங்கள் வாசலில் மடித்த அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியதைக் கண்டேன். குப்பைத்தொட்டியை வெளியே இழுக்கும்போது ஒரு நாள் நேருக்கு நேர் பட்டுவிட்டோம். "மகன் டிக்கெட் போட்டுட்டான். நானும் சரின்னுட்டேன்," என்றீர்கள். பீரோ ஆக மாட்டேன் என்றவர் சரி என்றுவிட்டீர்கள். அந்தச் சரியைக் கேட்டபோது எனக்குக் கார் நின்றதைவிடத் துக்கமாக இருந்தது. உங்களுக்கே உங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று விளங்கியது. நான் சொன்னதும் எனக்கு நிச்சயம், நீங்கள் கேட்டதும் உங்களுக்கு நிச்சயம். அப்படியென்றால் எங்கள் இருவரில் ஒருவருக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும், உங்களுக்கு வயது கூட.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் ஒரு வேளை சாப்பிடவாவது வரவேண்டும் என்று தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க," என்று. 'நீ' போய் மறுபடி 'நீங்க' வந்திருந்தது. உறவினர் வீட்டுக்குக் கலியாணம் சொல்லப் போகிறவள் மாதிரி நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து உங்கள் குசினிக் கதிரையில் அமர்ந்தேன். நீங்கள் தோசை வார்த்தீர்கள். இரண்டு சாப்பிட்டேன். பேச ஒன்றுமில்லாததால் வேகமாகச் சாப்பிட்டேன். மூன்றாவது கல்லில் இருக்கும்போது, முதுகைக் காட்டியபடியே கேட்டீர்கள்.

"திருப்பிப் போடட்டுங்களா?"

"ஐயோ காணும் அக்கா. திருப்பி வேண்டாம்."

நீங்கள் தோசையை ஒரு பக்கம் மட்டும் வெந்தபடி எடுத்து என் தட்டில் வைத்தீர்கள்.

"காணும், போதும் எண்டு சொன்னனான் அக்கா."

"வேண்டாம்னீங்க. அதான் திருப்பாமக் கொண்டாந்தேன்."

"திருப்பி வேண்டாம் எண்டால், பிறகும் ஏன் வைக்கிறீங்கள்?"

"திருப்பி வேண்டாம்னா, திருப்பாமத்தானே வெக்கோணும்?"

நான் தோசையைப் பார்த்தேன். நீங்கள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தீர்கள்.

"அக்கா, திருப்பிப் போடுறது எண்டால் என்னண்டு போடுறது? செய்து காட்டுங்கோ."

நீங்கள் என் தட்டிலிருந்த தோசையை எடுத்துக் கல்லில் கவிழ்த்தீர்கள். "இப்படி."

"அது பிரட்டுறது!"

"அப்ப உங்கூர்ல திருப்பின்னா?"

"திருப்பி எண்டால் திருப்பி! இன்னொருக்கா! அகெய்ன், அக்கா, அகெய்ன்! துடைச்சுப்போட்டு, முந்தி இருந்த மாதிரியே இன்னொருக்காப் போடச் சொன்னனான்!"

"அடி பாவி மகளே!" என்றீர்கள். "நீ துடைச்சுக் கவுத்துப் போடச் சொன்னேன்னு நா நெனச்சனே! தோசையாட்டம்!"

அக்கா, நாங்கள் சிரித்த மாதிரி மனிதர் சிரிப்பதில்லை. நான் கதிரையிலிருந்து நழுவி நல்ல சேலையோடு நிலத்தில் இருந்துவிட்டேன். கல்லில் இருந்த தோசை கரிந்து, புகைக்கு அலறும் மணி அலறத் தொடங்கியது. நீங்கள் துடைப்பக் கட்டையால் அதை இடித்துக்கொண்டே, "உனக்கும் மூளை கெட்டுப்போகல, எனக்கும் கெட்டுப்போகல," என்று கத்தினீர்கள். அந்த மணிச்சத்தத்துக்கு மேலால் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. மணி அடங்கியதும் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, டிக்கெட்டைத் தூக்கிப் போடச் சொன்னீர்கள். அவர் காரணம் கேட்டார். "தோசை கண்ணு," என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

நல்லகாலம், தண்டில் கீறல் ஆழமில்லை. டண்டினோங் கடையிலேயே மெருகு போட்டுத் தந்தார்கள். புது அரைவட்டங்கள் வாங்கினோம். ஒருவர் வைக்க மற்றவர் கண்ணாடி போட்டுப் பார்க்க, இரண்டு பேரும் தலையாட்டிய பிறகுதான் மூடினோம். சாவி கொடுக்கும் நாளுக்கு முன்னாலேயே பச்சைக் கார் கிளச்சை மிதித்தாலும் முனகாமல் ஓடியது. லாரி முதலில் போனது. அதில் பீரோ இருந்தது.

நானும் வருகிறேன் என்று சொன்னபோது நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் முழுக்க நீங்கள்தான் ஓட்டினீர்கள். காற்று அடித்துப் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது. வழியிலே பெற்றோல் போடுகிற ஒவ்வோர் இடத்திலும் யாராவது வந்து காரைச் சுற்றிப் பார்த்து, எஞ்சினை யார் பூட்டியது என்று கேட்டார்கள். நீங்கள் என்னைக் காட்டினீர்கள், நான் உங்களைக் காட்டினேன். கண்டகை என்கிற சிற்றூரில் இரவு தங்கினோம்.

மறுநாள் காலை நீங்கள் இடது காலை ஊன்றும்போது முகம் சுளித்ததைக் கண்டேன். "ஒண்ணுமில்ல," என்றீர்கள். யாஸ் தாண்டியதும் முழங்கால் வீங்கிவிட்டது. கோல்பேர்னில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினீர்கள். மறுபடி ஏறி அமர்ந்து கிளச்சை மிதிக்கப் பார்த்தீர்கள், கால் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தீர்கள். மகனுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும். ஓடி வந்து ஏற்றிக்கொண்டு போவார். அதைத்தான் நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"நான் ஓடுறன் அக்கா," என்றேன்.

"ஓடறியா? எங்க ஓடறே?"

"காரை ஓடுறன். நீங்கள் இஞ்சாலை வாங்கோ."

"கியர் போடத் தெரியாதே உனக்கு."

"கால் என்ரை. கியர் உங்கடை."

அப்படித்தான் சிட்னிக்குப் போனோம். ஸ்டியரிங்கும் கிளச்சும் என்னிடம், நடுவிலிருந்த கியர்த்தடி உங்கள் வலது கையில். நான் "மிதிச்சிட்டன்" என்று கத்துவேன், நீங்கள் கியரைத் தள்ளிவிட்டு "விடு, மெதுவா விடு, மெதுவா" என்பீர்கள். முதலில் நான் தடாரென்று விட்டு, கார் தவளை மாதிரிப் பாய்ந்து நின்றது. பெருந்தெருவில் கஷ்டமில்லை. பரமட்டாவின் சிக்னல்களில்தான் உயிர் போய் வந்தது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்க, நீங்கள் திரும்பி அவர்களைக் கோயம்புத்தூர்த் தமிழில் திட்ட, நான் "மிதிச்சிட்டன், மிதிச்சிட்டன்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் எப்படியோ என் காலுக்கு விளங்கிவிட்டது, எந்த இடத்தில் கார் பிடிக்கிறது, எந்த இடத்தில் கையை விட்டுப் போகிறது என்று. அதை நீங்கள் சொல்லித் தந்தது 'மெதுவா' என்ற அந்த ஒரு சொல்லில்தான்.

மகனின் வீதிக்கு முந்திய வீதியில் நிறுத்தச் சொன்னீர்கள். இறங்கிச் சுற்றி வந்தோம். முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, தலைமயிரைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்தீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தீர்கள். அந்த ஒரு வீதியை நீங்கள் ஓட்டிய அழகு! வாசலில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். மகன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அம்மா! முழுக்க நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். நான் என் மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பின்ன? உங்கப்பன் வண்டி கண்ணு," என்றீர்கள்.

அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்ததாகவே இருந்தது. அதற்குப் பிறகு தொலைபேசியில் எத்தனையோ கதைத்தோம், அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. என் கணவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. இனியும் சொல்வதாக இல்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அதைப் பங்குபோட எனக்கு விருப்பமில்லை. மறதி வந்து வேறெல்லாம் போனாலும் அது போகக்கூடாது என்று பிள்ளையாரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் இறுதிச் சடங்கில் மகன் பேசினார். அழாமல் பேச முயன்றார் பாவம். சமையலைச் சொன்னார், கோபத்தைச் சொன்னார், வங்கி வேலையைச் சொன்னார். பிறகு, "எங்கம்மா எழுபது வயசுக்கு மேல, அப்பாவோட எஞ்சினைத் தானே சேர்த்து, மெல்பர்ன்லேர்ந்து சிட்னி வரைக்கும் தன்னந்தனியா ஓட்டிட்டு வந்தாங்க," என்றார். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்து, "நீங்க கூட வந்தீங்களாமே?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம். நான் சும்மா பக்கத்திலை இருந்தனான்," என்றேன்.

அதன்பின் உங்கள் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று அவ்வளவு அடம்பிடித்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கதிரையில் இருந்தபடியே இடது காலை நிலத்தில் முழுக்க அழுத்திப் பிடித்திருந்தேன். நீங்கள் வாசலைத் தாண்டிய பிறகு எடுத்தேன். மெதுவாகத்தான் விட்டேன் அக்கா, மெதுவாக.